நூல் பிடித்தாற்போல் ஓடாத வண்டி

கார்களை நேராக ஓட வைப்பதுதான் என் அப்பா 34 வருடம் செய்த தொழில். பெங்களூரு ஜே.சி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் கடை. இரண்டு வண்டி நிற்க இடம், நடுவில் ஒரு குழி, சுவரோரம் டயர் அடுக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் அந்த அடுக்கின் மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். வருகிறவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: வண்டி இழுக்கிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கிலும் அந்த வாக்கியத்தைப் பத்து வயதிலேயே நான் சொல்வேன். யாராவது வந்து அதைச் சொன்னால் அப்பா பதில் பேசாமல் குனிந்து, முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்காகத் தடவுவார். ஒரு பக்கமாகத் தடவும்போது வழுவழுப்பாகவும், திருப்பித் தடவும்போது ரம்பப் பல் போலவும் இருந்தால் டோ, அதாவது சக்கரம் நேரே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, கெட்டிருக்கிறது. ஒரு விளிம்பு மட்டும் மொழுக்கென்று தேய்ந்திருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்புறம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு. இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன்பே அவருக்குப் பாதி தெரிந்துவிடும்.

கடைக்குக் கணினி வருவதற்கு முன்னால் நூல்தான். பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம்வரை வண்டியின் இருபுறமும் நூலை இழுத்துக் கட்டி, எந்தச் சக்கரம் எவ்வளவு உள்ளே பார்க்கிறது, எவ்வளவு வெளியே பார்க்கிறது என்று அளப்பார். நூல் பிடித்தாற்போல் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது உவமை அல்ல, வேலை.

அந்தக் கடையில் வளர்ந்த நான், போன மூன்று வாரமாக அல்சூர் வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து, பக்கவாட்டில் போகிற ஒரு வண்டியைத் தயார் செய்தேன். ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்கிற கார்ப் பந்தய விளையாட்டில், டிரிஃப்ட் செய்வதற்காக.

டிரிஃப்ட் என்றால் வளைவில் பின் சக்கரங்களின் பிடியை வேண்டுமென்றே விடுவித்து, வண்டியின் மூக்கு வளைவின் உட்புறத்தைப் பார்க்க, வண்டி முழுவதும் பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போவது. நழுவுவது யாருக்கும் முடியும். நழுவலை ஆக்ஸிலரேட்டராலும் ஸ்டீயரிங்காலும் பிடித்து வைத்து, அடுத்த வளைவில் அதையே மறுபக்கம் திருப்பிப் போடுவதுதான் கலை. ஜப்பானில் 1970-களில் குனிமிட்சு தகஹாஷி பந்தயப் பாதையில் இப்படி வளைவுக்குள் நுழைந்தார். அதைப் பார்த்து மலைப்பாதைகளில் பழகிய கெய்ச்சி சுச்சியாவுக்கு டிரிஃப்ட் கிங் என்றே பெயர் வந்தது. நிஜச் சாலையில் இதைச் செய்யக் கூடாது. பெங்களூரு ரிங் ரோட்டில் நள்ளிரவில் டயர் கிறீச்சிடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். எதிரே பால் வண்டி வரும், செய்தித்தாள் போடும் பையன் வருவான். எனக்கு வேண்டியது அந்த இயந்திர அறிவு. அது இந்த விளையாட்டில் முழுமையாகக் கிடைக்கிறது.

நான் எடுத்த கார் நிஸான் சில்வியா ஸ்பெக்-ஆர், 2000-ஆம் வருட மாடல். ஆர்வலர்கள் எஸ்15 என்பார்கள். நிஜத்தில் 1999 முதல் 2002 வரை தயாரானது. முன்னால் 1,998 சிசி டர்போ எஞ்சின், பின் சக்கர ஓட்டம், 250 குதிரைத்திறன், எடை சுமார் 1,240 கிலோ. இன்றைக்கு நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள் ஏறக்குறைய எல்லாமே முன் சக்கர ஓட்டம். இழுக்கிற வேலையும் திரும்புகிற வேலையும் முன் சக்கரத்துக்கே. பின் சக்கரம் தள்ளுகிற வண்டியில்தான் பின்பக்கத்தை வலது காலால் ஆள முடியும்.

எஞ்சினை மாற்றாமல், அதற்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவை மட்டும் பெரிதாகப் பொருத்தி 450 குதிரைத்திறனில் நிறுத்திக்கொண்டேன். ஆயிரத்துக்கு மேல் ஏற்றி ஓட்டுகிறவர்கள் இந்த விளையாட்டில் நிறைய இருக்கிறார்கள். அவ்வளவு சக்தி இருந்தால் எந்தத் தவறையும் புகையால் மூடிவிடலாம், ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து. டிரிஃப்ட் டயர், டிரிஃப்ட் சஸ்பென்ஷன் இரண்டும் வாங்கினேன். அந்த சஸ்பென்ஷனைப் போட்டால் முன் சக்கரம் கூடுதல் கோணத்துக்குத் திரும்பும். அது இல்லாமல் ஆழமான நழுவலைப் பிடிக்கவே முடியாது. டிராக்‌ஷன் கட்டுப்பாடு, நிலைத்தன்மைக் கட்டுப்பாடு என்று நழுவலைத் தானாக அடக்கும் உதவிகள் இரண்டையும் அணைத்து, கியரைக் கையால் போடும்படி வைத்துக்கொண்டேன்.

பழகிய இடம் கிரான் கால்டெரா எரிமலையின் சாலை. விளையாட்டு நடப்பது மெக்ஸிகோவில். ஆனால் அந்தச் சாலையில் ஏறும்போது எனக்கு ஏலகிரிதான் நினைவுக்கு வரும். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர்கள் அவற்றுக்கு. சின்ன வயதில் அப்பாவின் பழைய பத்மினியில் ஒரு மழை நாளில் ஏறினோம். பத்மினி பின் சக்கர ஓட்டம். ஒரு வளைவில், பாரியா ஓரியா நினைவில்லை, பின்பக்கம் மெல்ல வெளியே நழுவியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா பிரேக்கைத் தொடவில்லை. பின்பக்கம் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைக் கால் சுற்றுத் திருப்பினார். வண்டி தலையைத் தூக்கி நேராகிவிட்டது. எதிர்த் திருப்பல் என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

மூன்று வாரத்தில் முதல் இரண்டும் தோல்வி. ஒற்றை வளைவில் நழுவல் பிடித்தது. ஆனால் பாதி வழியில் முன்பக்கம் பிடிப்பில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போனது. அடுத்த வளைவுக்காக மறுபக்கம் திருப்பும்போது பின்பக்கம் சாட்டை போல வீசி வண்டி சுழன்று நின்றது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. வண்டியின் அமைப்பில் எந்த எண்ணையும் மாற்றாமல் ஓட்டுவதைத்தான் திருத்த வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

அப்பா கடையை விட்டு நான்கு வருடமாகிறது. காலையில் ஏரியைச் சுற்றி நடந்து, திருவள்ளுவர் சிலைப் பக்கம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். மாலையில் என் பின்னால் நாற்காலியில் இருப்பார், செய்தித்தாளோடு. ஒரு நாள் நான் ஓட்டிய ஓட்டத்தை மறுஒளிபரப்பில் ஓடவிட்டு, வளைவின் நடுவில் நிறுத்தி வைத்திருந்தேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"பாப்பா, அந்த வெளிப்பக்க முன் சக்கரத்தைப் பார். வெளிவிளிம்பில் நிற்கிறது. டயர் தரையில் உட்காரவே இல்லை."

பார்த்தேன். உண்மைதான்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிரிஃப்ட் வண்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

காஸ்டர் என்பது முன் சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வு. சைக்கிளின் முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருப்பதைப் போல. அந்தச் சாய்வும் ஒரு காரணமாக இருப்பதால்தான் சைக்கிளை ஹேண்டில்பாரில் கை வைக்காமல் ஓட்ட முடிகிறது. சக்கரம் போகிற திசையைத் தானே தேடிக்கொள்கிறது. நழுவுகிற காரில் வண்டி பார்க்கும் திசை வேறு, போகும் திசை வேறு. காஸ்டர் அதிகமாக இருந்தால் முன் சக்கரங்கள் போகும் திசைக்குத் தாமாகவே திரும்பிவிடும். ஸ்டீயரிங் கையில் சுழன்று ஓடும், நாம் அதை நிறுத்த வேண்டிய இடத்தில் பிடித்தால் போதும். இந்த விளையாட்டில் காஸ்டரை 1 முதல் 7 பாகைவரை வைக்கலாம். நான் 7 வைத்திருந்தேன். அது சரி.

ஆனால் காஸ்டர் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. இடது வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் மூக்கு இடப்பக்கம் பார்க்கிறது, பின்பக்கம் வலப்புறமாக நழுவுகிறது, முன் சக்கரங்களை நாம் வலப்பக்கம் திருப்பியிருக்கிறோம். எடை முழுவதும் வலப்பக்கச் சக்கரங்களின் மேல். இப்போது முன் வலது சக்கரம்தான் வண்டியைத் தாங்கி இழுத்துச் செல்கிறது. காஸ்டர் சாய்வு இருப்பதால், வலப்பக்கம் திருப்பும்போது அதே வலது சக்கரத்தின் மேற்புறம் வெளியே சாய்கிறது. 7 பாகை காஸ்டரில் சக்கரத்தை 40 பாகை திருப்பினால் அந்தச் சாய்வு சுமார் 4.5 பாகை. உடல் சாய்வு அதற்கு மேல். நான் நேர்நிலையில் முன் கேம்பரை உட்பக்கமாக 1.5 பாகை மட்டுமே வைத்திருந்தேன். 1.5-இல் 4.5 போனால் சக்கரம் 3 பாகை வெளியே சாய்ந்து, டயரின் ஓர விளிம்பில் நிற்கிறது. வேலை செய்ய வேண்டிய நேரத்தில் வேலை செய்யும் டயருக்குத் தரையே இல்லை.

சாதாரண வளைவில் இந்தக் கணக்கு தலைகீழ். திரும்பும் திசையும் வளைவின் திசையும் ஒன்றாக இருப்பதால் காஸ்டர் வெளிச் சக்கரத்தை உள்ளே சாய்த்து உதவிதான் செய்யும். கடைக்கு வரும் வண்டிகளில் அப்பா கண்டது அந்த உதவியை. எதிர்த் திருப்பலில் அது எதிரியாகிவிடுவதை நானும் யோசிக்கவில்லை. அவர் யோசித்துச் சொல்லவில்லை, பார்த்துச் சொன்னார்.

முன் கேம்பரை விளையாட்டு அனுமதிக்கும் கடைசி எல்லைக்கு, உட்பக்கம் 5 பாகைக்குக் கொண்டுபோனேன். நிறுத்தி வைத்துப் பார்த்தால் முன் சக்கரங்கள் கால் அகட்டி நிற்பது போல் இருக்கும். அப்பாவுக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை; இரண்டு மாதத்தில் உள்விளிம்பு கம்பி தெரிய தேய்ந்துவிடும் என்றார். டெலிமெட்ரி பக்கத்தைத் திறந்து வைத்து ஓட்டினேன். ஒவ்வொரு சக்கரத்தின் கேம்பரும் ஓடும்போதே எண்ணாகத் தெரியும். ஆழமான நழுவலில் தாங்கும் சக்கரம் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. டயர் முழு அகலமும் தரையில். முன்பக்கம் கடித்துப் பிடித்தது.

பின் சக்கரத்துக்கு இந்தக் கணக்கு இல்லை. அவை திரும்புவதில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின்பக்கம் அமர்கிறது, அப்போது டயர் தட்டையாக இருக்க வேண்டும். உட்பக்கம் 0.5 போதும். டிரிஃப்டில் பின்பக்கத்துக்குப் பிடி வேண்டாம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். வேண்டும். பிடி இருந்தால்தான் வேகம் வரும், கோணத்தோடு வேகமும் சேர்ந்தால்தான் மதிப்பெண் ஏறும்.

டிஃபரன்ஷியல் பற்றி அப்பாவிடம் சொன்னபோது, "கிரவுனை வெல்டு வைத்துவிட்டாயா?" என்று கேட்டார். ஏறக்குறைய அதேதான். வளைவில் உட்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன, அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கவே டிஃபரன்ஷியல். டிரிஃப்டில் இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து சுழல வேண்டும். இல்லாவிட்டால் எடை குறைந்த உட்சக்கரம் மட்டும் வீணாகச் சுழன்று சக்தியைத் தின்றுவிடும். கையில் காசில்லாத ஓட்டுநர்கள் நிஜமாகவே பற்களை வெல்டு வைத்துப் பூட்டிவிடுவதுண்டு. விளையாட்டில் மிதிக்கும்போது எவ்வளவு பூட்டு, காலை எடுக்கும்போது எவ்வளவு பூட்டு என்று இரண்டு எண்கள். மிதிக்கும்போது 100. காலை எடுக்கும்போது நான் 20 வைத்திருந்தேன், நுழைவில் சுலபமாகத் திரும்பட்டும் என்று. ஒரு வளைவிலிருந்து மறு வளைவுக்கு மாறும் அந்த அரை நொடியில் கால் மேலே வருகிறது, பூட்டு விடுபடுகிறது, பின்பக்கம் கட்டவிழ்கிறது. அதை 85-க்கு ஏற்றினேன். சாட்டைவீச்சில் பாதி அடங்கியது.

கியரைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். டிரிஃப்டில் கியரை வண்டியின் வேகத்துக்குப் பொருத்தக் கூடாது, பின் சக்கரத்தின் வேகத்துக்குப் பொருத்த வேண்டும். வண்டி 90 கிலோமீட்டரில் நழுவும்போது பின் சக்கரம் அதைவிட மிகக் கூடுதலாகச் சுழல்கிறது. பெரிய டர்போ வேறு. எஞ்சின் சுற்று கீழே விழுந்தால் காற்றழுத்தம் திரும்பி வருவதற்குள் நழுவல் செத்துவிடும். எரிமலைச் சாலை முழுவதும் மூன்றாவது கியரிலேயே, ஊசி 5,000-க்கும் 7,000-க்கும் நடுவில் ஆடும்படி ஃபைனல் டிரைவை, எல்லா கியருக்கும் பொதுவான அந்தக் கடைசிப் பல்விகிதத்தை, திருத்திக்கொண்டே இருந்தேன். ஒரு மாலை முழுக்க இந்த ஒரு எண்ணுக்கே போனது.

மற்றவை சிறிய விஷயங்கள். டயரில் காற்று முன்னால் 28 பிஎஸ்ஐ, பின்னால் 31. வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பார் முன் 22, பின் 14. பின் டேம்பரின் ரீபவுண்டை, அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழுவதை அடக்கும் அந்த இறுக்கத்தை, கொஞ்சம் தளர்த்தினேன், எடை மறுபக்கம் மாறும்போது குதிக்காமல் போவதற்காக.

இவ்வளவுக்குப் பிறகும் மாறும் இடத்தில் ஒரு சின்ன நடுக்கம் மிச்சமிருந்தது. என்னிடம் இருப்பது லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங், மாரத்தஹள்ளியில் ஒருவரிடம் பழசாக வாங்கியது. சக்கரத்தின் இழுப்பு கைக்கு வரும். அப்பாவை அதன் முன்னால் உட்கார வைத்தேன். "நீங்களே ஓட்டிப் பாருங்கள் அப்பா." அவர் எரிமலைக்குப் போகவில்லை. நீளமான நேர்ச்சாலை ஒன்றைக் காட்டச் சொன்னார். 60-இல் நிதானமாகப் போனார். பிறகு இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு சாண் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். கடையில் அலைன்மென்ட் முடிந்த ஒவ்வொரு வண்டியையும் அவர் இப்படித்தான் சோதிப்பார்.

வண்டி இடமும் வலமுமாக அலைந்தது.

"முன்னால் டோ-அவுட் வைத்திருக்கிறாய், அது தெரிகிறது. அது உனக்கு வேண்டும் என்கிறாய், இருக்கட்டும். ஆனால் பின்னாலும் அலைகிறதே. பின் டோ எவ்வளவு?"

பின் சக்கரங்களையும் 0.3 பாகை வெளிப்பக்கம் பார்க்க வைத்திருந்தேன். நழுவல் சீக்கிரம் தொடங்கும் என்று எங்கோ படித்தது. "உள்ளே கொண்டுவா, கொஞ்சம் மட்டும்" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். கட்டைவிரல் நகத்தை ஆள்காட்டி விரலால் தொட்டுக் காட்டினார். 0.2 உட்பக்கம் வைத்தேன். மறுபடி கைதூக்கிப் பார்த்தார். முன்பக்கம் லேசாக மோப்பம் பிடிப்பது போல் ஆடியது, ஆனால் வால் அடங்கியிருந்தது.

அன்று இரவு எரிமலையின் உச்சியிலிருந்து இறங்கினேன். முதல் வளைவில் கைபிரேக்கைத் தொட்டு உள்ளே எறிந்து, மூன்றாவது கியரில் பிடித்து, வளைவு முடியும் இடத்தில் காலை எடுத்தேன். ஸ்டீயரிங் என் விரித்த உள்ளங்கைகளுக்குள் தானாகச் சுழன்று வலக்கோடிக்குப் போனது. நான் மூடிப் பிடித்தேன், மிதித்தேன். வண்டி மறுபக்கம் படுத்தது. எங்கும் நேராகாமல், எங்கும் சுழலாமல், ஆறு வளைவுகள் ஒரே நழுவலாக இறங்கியது. ஏழாவதில் மதிலை உரசினேன். அது என் கண் தவறு, வண்டியின் தவறு இல்லை.

விளையாட்டில் வாரம் ஒரு பருவம். வியாழன் இரவு மழைக்காலம் தொடங்கிவிட்டது, சாலை ஈரம். பின் டயரில் காற்றை 2 குறைத்துப் பார்க்கச் சொல்கிறார் அப்பா. எனக்கு முதலில் டர்போவைச் சின்னதாக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்கப்போகிறோம். அவர் தம் பழைய கடைக் குறிப்பேட்டில் இந்தச் சில்வியாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, முன், பின், இடம், வலம் என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்.